அம்பலவாணரின் அல்சேசன்

வேலணை அம்பலவாணர் கொழும்பை விட்டு ஊரோடு வந்தபோது இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒருவர் மனைவி நல்லம்மா, மற்றது டியூக் என்ற அல்சேசன் நாய். மரியாதைக்காக இந்த வரிசையில் சொல்கிறோம். அவருடைய மனதில் இருந்த வரிசை வேறு.

கொழும்பில் ஓர் அரசாங்கக் கந்தோரில் தலைமைக் கிளாக்கராக இருந்தவர் அவர். சிங்களச் சோதனை பாஸ் பண்ணினால்தான் இனி உத்தியோகம் என்று வந்ததும், "இந்த வயசிலை நான் அரிவரி படிக்கிறதோ" என்று நேரத்தோடு பென்சன் எடுத்துக்கொண்டார். அதே காலத்தில் அவருடைய மேலதிகாரியான பறங்கித் துரையும் குடும்பத்தோடு ஒஸ்ரேலியாவுக்குக் கப்பலேற ஆயத்தமானார். நாயைக் கொண்டுபோக வழியில்லை. துரை கந்தோருக்குள் எல்லாரும் பார்க்க அம்பலவாணரின் தோளில் கையை வைத்து, இவனை நம்பி ஒப்படைக்க உன்னை விட்டால் ஆளில்லை என்று இங்கிலிஷில் சொன்னார். இத்தனை காலம் குனிந்து எழுதியதற்கு அம்பலவாணருக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அதுதான். நாலு காலும் ஒரு வாலும் உள்ள நற்சான்று. கூடவே நாய் வளர்ப்பது பற்றிய தடித்த இங்கிலிஷ் புத்தகம் ஒன்றும் கிடைத்தது.

ரெயிலில் நாயைச் சாமான்கள் போகும் காட் பெட்டியில்தான் ஏற்றலாம் என்றார்கள். அம்பலவாணர் நல்லம்மாவை இரண்டாம் வகுப்பில் ஜன்னலோரம் இருத்தி, றங்குப் பெட்டிகளையும் தையல் மெசினையும் அவளுடைய பொறுப்பில் விட்டுவிட்டுத் தான் காட் பெட்டியில் ஏறிக்கொண்டார். வழி நெடுகிலும் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரை எனாமல் கோப்பையில் வார்த்து டியூக்குக்குப் பருக்கினார். மாகோ ஸ்ரேசனில் ஒரு தரம் நல்லம்மாவின் ஜன்னலடிக்கு ஓடி வந்தார். தன்னைத்தான் பார்க்க வருகிறார் என்று அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"பிஸ்கற் ரின் உம்மட பைக்குள்ளை எல்லே கிடக்கு, கெதியா எடும்" என்றார் அவர்.

யாழ்ப்பாணத்தில் இறங்கி வாடகைக் கார் பிடித்தார்கள். பண்ணைப் பாலத்தால் மண்டைதீவைக் கடந்து போகும்போது முன் ஆசனத்தில் டியூக் இருந்தது. ஓடும் காரில் நாயைத் தலை நீட்ட விட்டால் கண்ணில் தூசி விழும் என்று புத்தகம் சொல்லியிருந்தபடியால், அம்பலவாணர் பின்னாலிருந்து அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்தபடியே வந்தார். நல்லம்மாவின் மடியில் தையல் மெசின் இருந்தது.

ஊர் திரண்டு நாய் பார்க்க வந்தது. முதலில் வந்தவர் தம்பிஐயா விதானையார். ஊர்த் தலைவர் வேலையான விதானை உத்தியோகத்தை அரசாங்கம் எடுத்துவிட்ட பிறகும், அந்தப் பட்டத்தை விடாமல் வைத்திருந்தவர். கதிரையில் இருந்து நாயை மேலும் கீழும் பார்த்துவிட்டு விசாரணையைத் தொடங்கினார்.

"இது என்ன சாதி?"

"அல்சேசன்."

"எந்தப் பக்கம்?"

"ஜேர்மனி."

"தாய்வழி தேப்பன்வழி இரண்டும் சுத்தமோ?"

"ஏழு தலைமுறைக்குத் துரையிட்டை அத்தாட்சி இருக்கு."

விதானையார் பெருமூச்சு விட்டார். அவருடைய பெண்பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசிய இடங்களில் மூன்று தலைமுறைக்கு மேல் தோண்ட முடியாமல் போயிருந்தது. "நல்ல இடம்" என்று ஒத்துக்கொண்டு எழும்பினார்.

அன்றிலிருந்து டியூக் ஊர்நாய்களோடு சேரக்கூடாது என்று சட்டம் வந்தது. வேலியில் நாய் நுழையக்கூடிய பொட்டுகளையெல்லாம் அம்பலவாணர் தானே நின்று அடைப்பித்தார். பின்னேரங்களில் விறாந்தையில் சாய்மனைக் கதிரையைப் போட்டு, பத்திரிகையை இங்கிலிஷில் உரத்து வாசித்து, இடையிடையே நாயிடம் அபிப்பிராயம் கேட்டார். டியூக்குக்கு இங்கிலிஷ் மட்டும்தான் தெரியும். அவருக்கோ ஊரில் இங்கிலிஷ் பேச வேறு ஆளில்லை. நல்லம்மாவைப்போல நடுவில் வந்து "உப்பு முடிஞ்சுபோச்சு" என்று சொல்லாத நல்ல குணமும் அதற்கு இருந்தது.

சாப்பாட்டில்தான் சிக்கல் வந்தது. தினமும் இறைச்சி கொடுக்கவேண்டும் என்று புத்தகம் அடித்துச் சொன்னது. அம்பலவாணர் வீட்டிலோ தலைமுறை தலைமுறையாக மீனோ இறைச்சியோ, மச்சம் என்று எதுவும் அடுப்பேறியதில்லை. போதாததற்கு அவர் ஊர் வைரவர் கோயில் சபையின் காரியதரிசி வேறு.

"வைரவருக்கு வாகனம் என்ன?" என்று நல்லம்மாவைக் கேட்டார்.

"நாய்."

"வாகனம் மச்சம் தின்னலாமோ?"

"அதை நீங்கள் வாகனத்தைத்தானே கேக்கவேணும்" என்றாள் நல்லம்மா.

அவர் கேட்கவில்லை. கடலையும் பயறும் இறைச்சிக்குச் சமம் என்று தானே கணக்குப் போட்டு, காலையில் பால், மத்தியானம் பருப்பும் சோறும், இரவில் அவித்த பயறு என்று ஒழுங்கு செய்தார். வெள்ளிக்கிழமைகளில் நெய் கொஞ்சம் கூட. "சைவ அல்சேசன்" என்று யாழ்ப்பாணம் வரை பேச்சுப் போனது. பார்க்க வந்தவர்களுக்கு, சாந்தமான குணத்துக்கு உணவே காரணம் என்று அம்பலவாணர் விளக்கம் சொன்னார். டியூக் சாந்தமாகத்தான் இருந்தது. எழும்பி நிற்கச் சத்து இருந்தால்தானே கோபப்படுவதற்கு.

மார்கழி வருவதற்குள் அதன் விலா எலும்புகளை வாசலில் நின்றே எண்ணலாம் போலாயிற்று. அம்பலவாணர் பதறிப்போனார். குளிர் பிடித்துவிட்டது என்று எண்ணிக் கம்பளிச் சட்டை தைத்துப் போட்டார். பூச்சி என்று எண்ணி ஆமணக்கெண்ணெய் பருக்கினார். உண்ணிக்கு வேப்பெண்ணெய், நுளம்புக்கு வலை, பித்தத்துக்குத் தேசிக்காய் என்று புத்தகத்தில் இருந்ததும் இல்லாததுமாக எல்லா வைத்தியமும் நடந்தது. டியூக் குரைப்பதை நிறுத்தியது. அந்த இரவுகளில் அவர் நித்திரை கொள்ளவில்லை. விறாந்தையில் நாயின் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்து, அது மூச்சு விடுகிறதா என்று மூக்கடியில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

கடைசியில் யாழ்ப்பாணத்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோவதென்று முடிவாயிற்று. பஸ்ஸில் ஏறப்போனால் கொண்டக்டர் கையை நீட்டி மறித்தான்.

"ஐயா, நாயை ஏத்தேலாது."

"உள்ளை ஆடு நிக்குதே!"

"ஆடு ஆரையும் கடிக்காது."

"இவனும் கடிக்கமாட்டான். இவன் சைவம்" என்றார் அம்பலவாணர்.

பஸ் முழுவதும் சிரித்தது. ஆட்டுக்காரனும் சிரித்தான். பஸ் போய்விட்டது. திரும்பவும் வாடகைக் கார்தான் பிடிக்கவேண்டி வந்தது.

வைத்தியர் மாட்டு வருத்தங்களில் கெட்டிக்காரர். நாய் என்றால் கொஞ்சம் பயம். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே வாயைத் திறந்து காட்டச் சொன்னார். அம்பலவாணர் தன் வாயைத் திறந்தார். "உங்கட இல்லை, நாயின்ர" என்று வைத்தியர் சொல்லவேண்டியிருந்தது. பிறகு என்ன கொடுக்கிறீர்கள் என்று விசாரித்தார். அம்பலவாணர் பால், பயறு, கடலை, நெய் என்று பெருமையாக ஒப்புவித்தார்.

"இதுக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்றார் வைத்தியர். "பசி."

அம்பலவாணர் காரில் ஏறித் திரும்பினார். டியூக் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. அவரைத் தின்றது ஒரே நினைவுதான். இவ்வளவு செய்தும் பட்டினி போட்டிருக்கிறேனே என்பதுதான் அது.

ஆனாலும் நல்லம்மா குசினி வாசலில் நின்று சொன்னதற்கு மறுபேச்சு இல்லை. "என்ர அடுப்பிலை மச்சம் ஏறாது. வளவுக்குள்ளையும் வராது."

பின்னேரம் கறுக்கும் நேரம் பார்த்து அம்பலவாணர் நாயைக் கூட்டிக்கொண்டு சாட்டிக் கடற்கரைக்குப் போனார். அங்கே பஸ்ரியாம்பிள்ளை என்ற மீன்பிடிகாரர் மனைவி கிறேசோடு இருந்தார். கத்தோலிக்கர். தான் பிடித்த மீனைவிடப் பிடிக்காமல் தப்பிய மீனைப் பற்றிக் கூடுதலாகக் கதைப்பவர். அம்பலவாணர் சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"பஸ்ரியாம்பிள்ளை, டாக்குத்தர் இவனுக்கு ஒரு மருந்து சொல்லியிருக்கிறார்."

"என்ன மருந்து ஐயா?"

"கடல் மருந்து."

பஸ்ரியாம்பிள்ளைக்கு உடனே விளங்கிவிட்டது. "சூடை மீனோ, கீரி மீனோ?"

"அது எனக்குத் தெரியாது. முள் மட்டும் இருக்கப்படாது. தொண்டையிலை குத்திப்போடும்."

கிறேஸ் இடுப்பில் கையை வைத்தாள். "என்ர மனுசனுக்கே நான் முள்ளெடுத்துக் குடுக்கிறேல்லை, ஐயா."

ஆனால் அவள் அன்று முள்ளெடுத்துத்தான் கொடுத்தாள். சாதி நாய் ஒன்று தன் முற்றத்தில் நின்று சாப்பிடுவதை அயலார் பார்க்கவேண்டும் என்ற ஆசை அவளுக்கு. டியூக் அந்தப் பாத்திரத்தை நக்கிய விதத்தைப் பார்க்கமாட்டாமல் அம்பலவாணர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் மருந்து நடந்தது, வெள்ளிக்கிழமை தவிர. திரும்பி வந்ததும் வாசல் படலையடியில் டியூக்குக்கு மஞ்சள் தண்ணீரில் முழுக்கு. சில மாதத்தில் நாய் உருண்டு திரண்டு மினுங்கியது. "டூக்கு, இஞ்சை வா" என்று கிறேஸ் கூப்பிட்டால் தமிழும் விளங்கியது. ஒரே ஒரு குறை, வெள்ளிக்கிழமை என்றால் என்ன என்பதை அதற்கு யாராலும் விளங்கப்படுத்த முடியவில்லை. அன்று பின்னேரம் முழுவதும் படலையடியில் நின்று ஊரைக் கூட்டியது.

காரியதரிசி ஒவ்வொரு நாளும் கறுக்கும் நேரம் கடற்கரைக்குப் போவது கோயில் சபைக்குத் தெரியாமல் இருக்குமா? சபைத் தலைவர் கதிர்காமு ஒரு நாள் கூட்டம் முடிந்ததும் அவரை மடப்பள்ளிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"நீர் பஸ்ரியான் வீட்டிலை மீன் தின்னுறீராம் எண்டு கதை."

"ஐயோ, நானோ? நாய்க்கெல்லோ!"

கதிர்காமு சிரித்தார். "அம்பலவாணர், எங்கட வீட்டிலையும் பூனைக்கெண்டுதான் வாங்கிறது. போன கிழமை பூனைக்கு ஒரு முழு அறக்குளா மீன் வாங்கினனாங்கள். அதெல்லாம் வீட்டு வாசலிலை கொண்டுவந்து தருவாங்கள். நீர் ஏன் ஊரறிய அங்கை போய் நிக்கிறீர்?"

"உண்மையாத்தான் சொல்லுறன், நாய்க்குத்தான்!"

"ஓமோம். அப்பிடியே சொல்லும்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார் தலைவர்.

பொய் சொல்லுகிறவனுக்கு இருந்த மதிப்புக்கூட உண்மை சொன்ன தனக்கு இல்லாமல் போனதை நினைத்து அம்பலவாணர் கொதித்தார். அடுத்த கூட்டத்திற்கு முன்பே காரியதரிசிப் பதவியை விட்டுவிட்டார். அதுவே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் போயிற்று.

சோளகம் என்ற தென்மேற்குக் காற்று தணியத் தொடங்கும் ஆவணி நாட்களில் பஸ்ரியாம்பிள்ளை குடும்பம் நெடுந்தீவில் வாடி என்ற தற்காலிகக் கொட்டில் போட்டு மீன் பிடிக்கப் புறப்படுவது வழக்கம். அந்த வருடம் அவர்கள் போனது ஒரு வெள்ளிக்கிழமை இரவு. சனிக்கிழமை விடிய அம்பலவாணர் எழும்பிப் பார்த்தால் விறாந்தையில் சங்கிலிதான் கிடந்தது, நாய் இல்லை. சாட்டிக் கரைக்கு ஓடினார். பஸ்ரியாம்பிள்ளையின் பக்கத்து வீட்டுக்காரி அந்தோனியம்மா வலை காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐயா, அது தானாத்தான் வள்ளத்திலை ஏறினது. இறக்க இறக்க ஏறிச்சுது. கடைசியிலை ஐயாவும் ஓமெண்டிருப்பார் எண்டு கொண்டுபோயிட்டினம்."

அம்பலவாணர் தீவில் பிறந்தவர்தான். என்றாலும் பாலம் வந்த பிறகு அவர் வள்ளத்தில் கால் வைத்ததில்லை. அன்றைக்கே ஒரு பையில் நுளம்பு வலை, கொதித்தாறிய தண்ணீர், குளுக்கோஸ், துணிச் சுருள், புத்தகம் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு குறிகட்டுவான் துறையில் மோட்டார் லோஞ்ச் ஏறினார். கடற்பிரயாணத்துக்கு முன் நாய்க்கு வயிறு நிறையக் கொடாதே என்று புத்தகத்தில் கோடிட்டு வைத்திருந்தார். அதைத் தனக்கும் சேர்த்து வாசிக்கத் தோன்றவில்லை. இடியப்பத்தை ஒரு பிடி பிடித்துவிட்டே ஏறியிருந்தார்.

நடுக்கடலில் காற்று லோஞ்சைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அம்பலவாணர் இடியப்பத்தைக் கடலுக்குக் கொடுத்தார். பிறகு நாய்க்கென்று கொண்டுவந்த தண்ணீரை அவரே குடித்தார். நாய்க்கென்று கொண்டுவந்த குளுக்கோசையும் அவரே தின்றார். நெடுந்தீவில் அவரை இரண்டு பேர் பிடித்துத்தான் இறக்கினார்கள்.

வாடியைக் கண்டுபிடித்துப் போனபோது கிறேஸ் அழுதுகொண்டு ஓடி வந்தாள்.

"ஐயா, நீங்கள் வந்தது நல்லதாப் போச்சு. டூக்குக்குக் குதிரை அடிச்சுப்போட்டுது."

நெடுந்தீவில் கட்டாக்காலிக் குதிரைகள் வெளிகளில் மேய்ந்து திரியும். குதிரை என்ற ஒன்றை அதுவரை கண்டிராத டியூக் காலையில் கிட்டப்போய் மணந்து பார்த்திருக்கிறது. குட்டியோடு நின்ற தாய்க்குதிரை ஒரே உதையில் பதில் சொல்லிவிட்டது. நாலு குதிரையோடு தனியாகச் சண்டை பிடித்தது என்று பஸ்ரியாம்பிள்ளை அதற்குள் கரையெல்லாம் கதை பரப்பியிருந்தார்.

கவிழ்த்த வள்ளத்தின் நிழலில் டியூக் கிடந்தது. முன்னங்கால் ஒன்று மடங்கி வீங்கியிருந்தது. அம்பலவாணரைக் கண்டதும் எழும்பப் பார்த்து, ஏலாமல் வாலை மட்டும் மணலில் அடித்தது. அவர் பையைப் போட்டுவிட்டு வேட்டியோடு மணலில் குந்தினார். "டியூக், மை பாய்" என்று தொடங்கி, அதற்கு மேல் இங்கிலிஷ் வராமல், "என்ர ராசா, என்ர ராசா" என்று அழுதார்.

பிறகு எழும்பினார். நாயை ஒரு சாக்கில் கிடத்தி, பஸ்ரியாம்பிள்ளையை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி திகைத்துப்போனார்.

"இது மனிசருக்கான ஆஸ்பத்திரி, ஐயா."

"தெரியும். எனக்குத்தான் கால் முறிஞ்சதெண்டு நினைச்சுக் கட்டிவிடும்."

அப்போதிக்கரி அவரையும் நாயையும் மாறிமாறிப் பார்த்தார். தீவில் பொழுது போகாத மனிதர். பேனையை எடுத்தார். "பேர்?"

"அம்பலவாணர்."

"வயசு?"

"ஆறு."

அப்போதிக்கரி முகத்தை நேராக வைத்துக்கொண்டு எழுதினார். எழுதிவிட்டு மட்டை வைத்துக் காலைச் சுற்றிக் கட்டினார். வருத்தக்காரன் கடிக்காமல் இருக்க அம்பலவாணர் அதன் வாயைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். ஒரு தரம் கடி விழுந்தது. அப்போதும் அவர் பிடியை விடவில்லை.

அசைக்கக்கூடாது, லோஞ்சில் ஏற்றவே கூடாது என்று உத்தரவு. ஆகவே அம்பலவாணர் வாடியில் தங்கினார். பனையோலைக் கொட்டில், கருவாட்டு மணம், தலைக்கு மேலே வலை. நுளம்பு வலையை நாய்க்குக் கட்டிவிட்டுத் தான் நுளம்புக்கு இரையானார். கிறேஸ் அவருக்கென்று புதுச் சட்டியில் சோறும் பருப்பும் தனியாக ஆக்கிக் கொடுத்தாள். டியூக் ஒன்றும் தொடவில்லை. காய்ச்சலில் கிடந்தது. மூன்றாம் நாள் தலையைத் தூக்கி அடுப்புப் பக்கம் மோப்பம் பிடித்தது.

"மீன் குடும், கிறேஸ், கெதியா!" என்று கத்தினார் அம்பலவாணர்.

"அவிச்சிருக்கு, ஐயா. ஆனா நான் மீன் பிரிக்கவேணும், வள்ளம் வந்திட்டுது. முள்ளை நீங்கள்தான் எடுக்கவேணும்."

சட்டி அவர் முன்னால் வந்தது. அதற்குள் கீரிமீன்கள் கண்ணை விழித்துக் கிடந்தன. வைரவருக்கு மாலை கட்டிய தன் விரல்களை அம்பலவாணர் ஒரு தரம் பார்த்தார். விரலில் லேஞ்சித் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு மீனை எடுத்துப் பார்த்தார். துணியில் முள் தட்டுப்படவில்லை. டியூக் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. லேஞ்சியை எறிந்துவிட்டு வெறும் விரலால் பிரித்தார். ஒவ்வொரு முள்ளாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எடுத்து, சதையை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அது நக்கித் தின்றது. தின்று முடித்த பிறகும் கையை விடாமல் நக்கியது. வள்ளத்தடியில் நின்ற ஆட்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவர் அடுத்த மீனை எடுத்தார்.

கட்டு அவிழ்க்கும் வரைக்கும் தினமும் அதுதான் வேலை. கந்தோரில் இருந்தபோதுகூட அவ்வளவு கவனமாக ஒன்றும் பார்த்ததில்லை. அவர் முள்ளெடுக்கும் சுத்தத்தைப் பார்த்துக் கிறேஸ் தன் சாப்பாட்டையும் ஒரு நாள் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். அதற்கு மட்டும் மறுத்துவிட்டார்.

ஐப்பசியில் கடல் அடங்கியிருந்த ஒரு காலை டியூக்கை மடியில் வைத்துக்கொண்டு லோஞ்சில் திரும்பினார். முதல் நாள் இரவே சாப்பாட்டை நிறுத்தியிருந்தார்கள், இருவருக்கும். நாய்க்கு ஒரு கால் நொண்டி. அவருக்குத் தாடி. கரைச் செய்தி முன்னமே ஊருக்கு வந்துவிட்டது. கதிர்காமு வழியில் கண்டு, "கேள்விப்பட்டனான்" என்று கண்ணடித்தார். அம்பலவாணர் நிற்கவில்லை.

நல்லம்மா படலையில் நின்றாள். நாயின் காலைக் குனிந்து தடவிப் பார்த்தாள். பிறகு அவருடைய விரல்களைப் பார்த்தாள். நகங்களின் இடுக்கெல்லாம் முள்ளுக் குத்திய கீறல்.

"நீங்களே முள்ளெடுத்துத்தான் குடுத்தனீங்களோ?"

"ஓம்."

"ஒவ்வொண்டாவோ?"

"ஓம். இல்லாட்டித் தொண்டையிலை குத்திப்போடுமெல்லே."

நல்லம்மா நிமிர்ந்தாள். கோபமோ அழுகையோ குரலில் இல்லை. ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வது போலத்தான் கேட்டாள்.

"கலியாணம் கட்டின நாள்துவக்கம் எனக்கு ஒரு தோடம்பழம் எண்டாலும் உரிச்சுத் தந்திருக்கிறியளோ?"

அம்பலவாணர் நன்றாக யோசித்துப் பார்த்தார். கொழும்பில் ஒரு தரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது கொடுத்ததாக நினைவு வந்தது. அதுவும் கந்தோர்ப் பியோன் உரித்துக் கொடுத்தது. உள்ளே போனார்.

மறுநாள் பின்னேரம் வேலணைச் சந்திக்குப் போய்த் தோடம்பழம் வாங்கி வந்தார். விறாந்தையில் இருந்து கோது நீக்கி, நார் எல்லாவற்றையும் இழுத்து, கொட்டைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, கசங்கிப்போன சுளைகளைப் பீங்கானில் அடுக்கிக் குசினி வாசலில் கொண்டுபோய் நின்றார்.

நல்லம்மா ஒரு சுளையை வாயில் போட்டாள்.

"புளிக்குது" என்றாள்.

பீங்கானைத் திருப்பித் தரவில்லை.